சிறிய சூரியச் சுடர்வெடிப்புகளும் கொரோனாவின் வெப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியனின் பெரிய வெடிப்புகளைப் பற்றிச் செய்திகள் நிறைய வருகின்றன. நாள்தோறும், மணிதோறும், ஒருவேளை நொடிதோறும் நிகழும் சிறிய வெடிப்புகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்னும் பழைய கேள்வியின் ஒரு முக்கிய நூல் அந்தச் சிறியவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது. அவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

சுடர்வெடிப்பு என்றால் என்ன? எவ்வளவு சிறியதைச் சிறியது என்கிறோம்?

சூரிய வளிமண்டலத்தின் காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் சில நொடிகளிலிருந்து சில மணி நேரத்துக்குள் திடீரென விடுபட்டு, வெப்பமாகவும் ஒளியாகவும் வேகமான துகள்களாகவும் மாறுவதே சுடர்வெடிப்பு. சோலார் ஃப்ளேர் என்று ஊடகங்கள் குறிப்பிடுவது இதையே.

மிகப் பெரிய வெடிப்பு ஒன்று ஏறத்தாழ 10²⁵ ஜூல் ஆற்றலை வெளியிடுகிறது. நுண்சுடர் என்பது அதைவிட ஆயிரம் மடங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை சிறியது. தோராயமாக 10¹⁹ முதல் 10²² ஜூல் வரை. நானோசுடர் இன்னும் சிறியது. 10¹⁷ ஜூல் அளவில் அல்லது அதற்கும் கீழே. இந்த அளவுகோலில் ‘சிறியது’ என்பதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: மனிதர் வெடித்ததிலேயே மிகப் பெரியதான, 1961இல் சோவியத் ஒன்றியம் சோதித்த 50 மெகாடன் வெப்ப அணுகுண்டின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு நானோசுடரில் இருக்கிறது.

ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரான மென் எக்ஸ் கதிரின் உச்ச அளவைக் கொண்டு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்தும் முறையும் உண்டு. ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வலிமையைக் குறிக்கும். நுண்சுடர்கள் பெரும்பாலும் ஏ, பி வகைகளிலோ ஏ வகைக்கும் கீழேயோ அடங்குகின்றன.

கொரோனா சூடாக இருக்கிறது என்பது எப்படித் தெரிய வந்தது?

1869ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தின்போது சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் கொரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சை வரியைக் கண்டார்கள். அதன் அலைநீளம் 530.3 நானோமீட்டர். அறிந்த தனிமம் எதனோடும் அது பொருந்தாததால், ‘கொரோனியம்’ என்னும் புதிய தனிமம் ஒன்று அங்கே இருப்பதாகப் பல பத்தாண்டுகள் எண்ணப்பட்டது. 1939ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்டர் குரோட்ரியானும் பெங்ட் எட்லெனும் செய்த ஆய்வுகள் அந்த எண்ணத்துக்கு முடிவு கட்டின. அது 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்புதான். இரும்பிலிருந்து அத்தனை எலக்ட்ரான்களை உரித்தெடுக்கப் பத்து லட்சம் கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும்.

இதில் புதிர் எங்கே இருக்கிறது? எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது?

கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலத்தின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அதற்கு மேலே இருக்கும் நிறமண்டலம் 10,000 கெல்வின் அளவில் இருக்கிறது. அதன்பின் மிக மெல்லிய ஓர் அடுக்கைக் கடந்ததும் வெப்பநிலை 10 லட்சம் கெல்வினைத் தாண்டிவிடுகிறது. சூரியப்புள்ளிகளைச் சூழ்ந்த செயல்மிகு பகுதிகளில் 30, 40 லட்சம் கெல்வின்கூட இயல்பானதே. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் பாயாது. ஆகவே வெப்பமல்லாத ஏதோ ஒரு வடிவில் ஆற்றல் மேலே சென்று, அங்கே வெப்பமாக மாற வேண்டும்.

தேவைப்படும் அளவு பெரிதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அமைதியான பகுதியில் கொரோனா இழக்கும் ஆற்றலை ஈடுகட்டச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 வாட் போதும். செயல்மிகு பகுதிகளில் 10,000 வாட் வேண்டும். மேற்பரப்பிலிருந்து ஒளியாக வெளியேறுவதோ சதுர மீட்டருக்கு 6 கோடி வாட்டுக்கும் மேல். ஆக, ஆற்றல் போதுமா என்பதில் சிக்கல் இல்லை. மிக அடர்த்தி குறைந்த, மின்தடை ஏறக்குறைய இல்லாத பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்களாலான வாயுவில்) அந்த ஆற்றல் எந்த வழியில் வெப்பமாக மாறுகிறது என்பதே விடுபடாத முடிச்சு. நிறமண்டலத்தைச் சூடாக வைத்திருக்கக் கொரோனாவுக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான ஆற்றல் அமைதியான பகுதியில் செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரோனாவின் புகழில் இது மறைந்துபோகிறது.

அந்த ஆற்றல் எங்கே சேமிக்கப்படுகிறது?

காந்தப்புலத்தில். செயல்மிகு பகுதியின் கொரோனாவில் 100 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமையுள்ள புலம் இருப்பதாகக் கொண்டால், ஒரு கன மீட்டரில் 40 ஜூல் காந்த ஆற்றல் இருக்கிறது. அதே கன மீட்டரில் 20 லட்சம் கெல்வினில், கன சென்டிமீட்டருக்கு 100 கோடி எலக்ட்ரான்கள் என்ற அடர்த்தியில் இருக்கும் பிளாஸ்மாவின் வெப்ப ஆற்றல் 0.1 ஜூலைக்கூட எட்டாது. காந்த ஆற்றலில் பெரும்பகுதியை எடுக்க முடியாது என்பது உண்மையே; புலம் முறுக்குண்டு திரிந்து நிற்கும் அளவுக்கு மட்டுமே ஆற்றல் விடுபடக் கூடியதாக இருக்கும். ஆனாலும் அதில் ஒரு சிறு விழுக்காடு விடுபட்டாலே பிளாஸ்மா பல மடங்கு சூடாகிவிடும்.

நானோசுடர் என்ற கருத்தை முன்வைத்தவர் யார்? அவர் சொன்னது என்ன?

அமெரிக்க இயற்பியலாளர் யூஜீன் பார்க்கர், 1988இல். அதன் வேர் 1972இல் அவரே வெளியிட்ட ஒரு கோட்பாட்டுப் பணியில் இருக்கிறது.

கொரோனாவின் காந்தப்புலக் கோடுகளின் இரு முனைகளும் ஒளிமண்டலத்தில் ஊன்றியிருக்கின்றன. அங்கே சுமார் 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பச்சலனக் குமிழ்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து மறைந்து கொண்டேயிருக்கின்றன. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவிலான அந்த அசைவு, கோடுகளின் பாதங்களை ஒழுங்கற்ற முறையில் இங்கும் அங்கும் இழுக்கிறது. மேலே கோடுகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. பின்னல் இறுக இறுக, அடுத்தடுத்த இழைகள் வெவ்வேறு திசைகளை நோக்கும் இடங்களில் மிக மெல்லிய மின்னோட்டத் தகடுகள் உருவாகின்றன. திசை வேறுபாடு ஒரு வரம்பைக் கடந்ததும் தகடு உடைந்து, புலக் கோடுகள் அறுந்து வேறு வகையில் இணைகின்றன. ஒரு சிறு வெடிப்பு நிகழ்கிறது. இப்படி எண்ணற்ற சிறு வெடிப்புகள் சேர்ந்தே கொரோனாவைச் சூடாக வைத்திருக்கின்றன என்பது பார்க்கரின் வாதம்.

2012 ஜூலையில் சில நிமிடங்கள் மட்டுமே பறந்த ஹை-சி என்னும் ஆய்வு ராக்கெட், சூரியனில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அளவிலான விவரங்களையும் பிரித்துக் காட்டும் நுட்பத்துடன் படமெடுத்தபோது, செயல்மிகு பகுதி ஒன்றில் பின்னிக்கொண்ட இழைகள் அவிழ்வதாகத் தோன்றும் காட்சிகள் கிடைத்தன. ஆனால் பெரும்பாலான காந்த வளையங்கள் அந்தப் படங்களிலும் பின்னலின்றி ஒழுங்காகவே தெரிந்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

காந்த மறு இணைப்பு துகள்களை எப்படி முடுக்குகிறது?

எதிரெதிர்த் திசையில் உள்ள புலக் கோடுகள் ஒரு மெல்லிய தகட்டில் நெருங்கி, அறுந்து, புதிய வகையில் இணைவதே மறு இணைப்பு. புதிதாக இணைந்த கோடுகள் கூர்மையாக வளைந்திருப்பதால், இழுத்துவிட்ட நாண் போல நிமிர முயன்று பிளாஸ்மாவை இருபுறமும் நொடிக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்றன. துகள் முடுக்கம் இந்த ஓட்டத்தின் பக்கவிளைவு அன்று. ஆற்றல் கைமாறும் முக்கிய வழிகளுள் அதுவும் ஒன்று.

வழி ஒன்றே என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. மறு இணைப்பு நடக்கும் இடத்தில் ஒரு மின்புலம் இருக்கிறது. புலக்கோட்டின் திசையிலேயே அதன் கூறு அமைந்தால், எலக்ட்ரான்கள் மோதல்களால் தடுக்கப்படும் வேகத்தைவிட விரைவாக முடுக்கம் பெற்று ஓடிவிடும். ஒரு துகள் எவ்வளவு வேகமாகச் செல்கிறதோ அவ்வளவு குறைவாகவே அது மோதுகிறது என்பதால், ஒருமுறை தப்பிய எலக்ட்ரான் மேலும் மேலும் தப்பிக்கொண்டே போகும்.

இரண்டாவது வழி, தகடு ஒரே இடத்தில் உடையாமல் பல இடங்களில் உடைவதால் பிறக்கும் காந்தத் தீவுகள். நீண்ட மின்னோட்டத் தகடு நிலையற்றது; அது மூடிய புல வளையங்களின் சங்கிலியாகச் சிதைகிறது. நீள்வட்டமாகப் பிறக்கும் ஒரு தீவு வட்டமாகச் சுருங்கும்போது, உள்ளே சிக்கிய எலக்ட்ரான் தன்னை நோக்கி நகரும் முனைகளில் மாறிமாறித் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிதளவு ஆற்றல் பெறுகிறது. கணினி உருவகங்களில் இந்த வழி எலக்ட்ரான்களைத் திறமையாக முடுக்குவதையும், அவற்றின் ஆற்றல் பரவல் அடுக்கு விதி வடிவம் (ஆற்றல் கூடக்கூட எண்ணிக்கை ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும் வடிவம்) பெறுவதையும் காணலாம். அளவீடுகளில் தெரிவதும் அத்தகைய வடிவமே என்பதால் இதற்குச் செல்வாக்கு அதிகம்.

வெளியே வீசப்பட்ட ஓட்டத்தில் எழும் கொந்தளிப்பும் துகள்களை முடுக்க வல்லது. அங்கே சில மோதல்கள் ஆற்றலைக் கூட்டும், சில குறைக்கும். நிகரக் கணக்கில் ஏற்றம் மிஞ்சும். கீழ்நோக்கிச் சுருங்கும் வளையத்துக்குள் அகப்பட்ட துகள்கள் ஆற்றல் பெறுவதும் உண்டு. ஒரே வெடிப்பில் இவை எல்லாம் அடுத்தடுத்த இடங்களில் நடப்பதே மிகவும் இயல்பு என்று தோன்றுகிறது; எது வெல்லும் என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருள் குறைவு.

முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் வளிமண்டலத்தை எப்படிச் சூடாக்குகின்றன?

20 லட்சம் கெல்வின் பிளாஸ்மாவில் ஓர் எலக்ட்ரானின் சராசரி வெப்ப ஆற்றல் 0.2, 0.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவிலேயே இருக்கும். முடுக்கம் பெற்ற எலக்ட்ரான் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டது என்றால், அது ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில், நொடிக்குச் சுமார் 58,000 கிலோமீட்டர் செல்லும். 50,000 கிலோமீட்டர் நீள வளையம் ஒன்றை அது ஒரு நொடிக்குள் கடந்துவிடும்.

அது எங்கே நிற்கும் என்பதை இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன: ஆற்றலும் வழியில் உள்ள அடர்த்தியும். ஊடுருவும் ஆழம் ஆற்றலின் இருமடியைப் பொறுத்தது. கன சென்டிமீட்டருக்கு 100 கோடி துகள்கள் உள்ள கொரோனாவில் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் 1,00,000 கிலோமீட்டர் வரை செல்ல முடியும்; அதாவது வளையத்தைக் கடந்து கீழே அடர்ந்த நிறமண்டலத்தில் போய் மோதும். அடர்த்தி பத்து மடங்கானால் அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டராகச் சுருங்கி, வளையத்துக்குள்ளேயே ஆற்றலைக் கொட்டிவிடும். சிறிய வெடிப்புகளில் எலக்ட்ரான்களின் ஆற்றல் குறைவாகவே இருப்பதால் இந்த வேறுபாடு அவற்றுக்கு மிகவும் முக்கியம்.

நிறமண்டலத்தில் ஆற்றல் விழும்போது அங்குள்ள வாயு கதிர்வீச்சால் அதை உடனே வெளியேற்ற முயல்கிறது. முடியாதபோது பல லட்சம் கெல்வினுக்குச் சூடாகி, விரிவடைந்து, மேல்நோக்கிப் பாய்ந்து வளையத்தை நிரப்புகிறது. இதை நிறமண்டல ஆவியாதல் என்பர். படங்களில் நாம் காணும் ஒளிரும் வளையம் பெரும்பாலும் இப்படிக் கீழிருந்து ஏறிய பொருளே. இதற்கு நேர்த்தியான சான்று ஒன்று சந்திரயான்-2 கலத்தில் உள்ள சூரிய எக்ஸ் கதிர் கண்காணிப்பு கருவியிடமிருந்து கிடைத்தது. கொரோனாவில் மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் போன்ற தனிமங்களின் விகிதம் ஒளிமண்டலத்தில் உள்ளதைவிட அதிகம். பி வகைச் சிறு வெடிப்புகளின் உச்சத்தில் இந்த விகிதம் ஒளிமண்டல அளவை நோக்கி இறங்கி, சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது பதிவாகியிருக்கிறது. கீழே இருந்த பொருள் மேலே வந்து கலந்தது என்று கொண்டால் இது எளிதில் விளங்கும்.

வேகமான எலக்ட்ரான்கள் இல்லாமலும் இதே விளைவு வரலாம். மறு இணைப்பு பிளாஸ்மாவை நேரடியாகச் சூடாக்கினால், அந்த வெப்பம் புலக்கோட்டின் வழியே கடத்தலால் கீழே இறங்கும். எனவே ஒளிர்ந்த வளையத்தை மட்டும் பார்த்து, துகள்கள் முடுக்கப்பட்டன என்று முடிவு கட்ட இயலாது.

பிறகு எதைக் கொண்டு வேகமான எலக்ட்ரான்களை அறிகிறார்கள்?

வன் எக்ஸ் கதிர்களை, அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு. வேகமான எலக்ட்ரான் ஓர் அயனியின் அருகே திசை திரும்பும்போது தடைக் கதிர்வீச்சை உமிழ்கிறது. சுமார் 1 கோடி கெல்வின் வெப்பப் பிளாஸ்மாவின் கதிர்வீச்சு ஆற்றல் கூடக்கூடச் செங்குத்தாக வீழும். முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களின் கதிர்வீச்சு மெதுவாகச் சரியும். நிறமாலையில் இந்த இரண்டும் பிரியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கலை.

இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, இந்த உமிழ்வு மிகவும் வீணான செயல்: எலக்ட்ரான்களின் ஆற்றலில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான் வன் எக்ஸ் கதிராக வெளிவருகிறது, மீதி எல்லாம் மோதல்களில் வெப்பமாகிறது. வெப்பமூட்டுவதற்கு அது நல்லது, அளப்பவருக்கு அது கெட்டது. இரண்டாவது தடை இன்னும் கடுமையானது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை குறைந்த ஆற்றலை நோக்கி விரைந்து பெருகுவதால், மொத்த ஆற்றலின் பெரும்பகுதி பரவலின் அடிமுனையில்தான் இருக்கிறது. அந்த அடிமுனை எங்கே தொடங்குகிறது என்பதையோ வெப்பப் பிளாஸ்மாவின் ஒளி மூடிவிடுகிறது. தொடக்கப் புள்ளியை 15இலிருந்து 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறக்கினால் கணக்கிடும் ஆற்றல் பல மடங்கு கூடிவிடும். நுண்சுடர்களில் பரவல் செங்குத்தாக இருப்பதால் இந்த ஐயம் மேலும் பெரிதாகிறது. நுண்சுடர்களின் துகள் ஆற்றல் என்று தரப்படும் எண் எதையும், அதற்குக் கொண்ட தொடக்கப் புள்ளி என்ன என்று கேட்காமல் ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

நுண்சுடர்கள் பெரிய வெடிப்புகளின் சிறிய வடிவங்கள்தாமா?

பெரும்பாலும் ஆம். 1980 ஜூன் 27 அன்று பலூனில் பறந்த ஒரு கருவி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலே சுமார் 25 நுண்சுடர்களைப் பதிவு செய்தபோதே, சிறியவையும் துகள்களை முடுக்குகின்றன என்பது வெளிப்பட்டது. 2002 பிப்ரவரியில் ஏவப்பட்ட ரெஸ்ஸி விண்கலம் முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 25,000 நுண்சுடர்களைத் தந்தது. அவற்றிலும் பெரியவற்றைப் போலவே வளையமும், ஒளிரும் பாதங்களும், 1 கோடி கெல்வினைத் தாண்டும் பிளாஸ்மாவும் காணப்பட்டன. வேறுபாடு எலக்ட்ரான்களின் பரவலில் இருக்கிறது: பெரிய வெடிப்புகளோடு ஒப்பிட்டால், மிக உயர்ந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் இவற்றில் அரிது.

விண்மீன்களையும் கருந்துளைகளையும் ஆராய 2012இல் ஏவப்பட்ட நூஸ்டார் தொலைநோக்கியை 2014 முதல் அவ்வப்போது சூரியனை நோக்கியும் திருப்புகிறார்கள். ரெஸ்ஸியால் காண முடியாத அளவு மங்கிய வெடிப்புகளை அது காட்டுகிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று நிகழ்ந்த ஏ வகை வெடிப்பு ஒன்றில், முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் இருந்ததற்கு வலுவான சான்று அதன் நிறமாலையில் கிடைத்தது. அவ்வளவு சிறிய வெடிப்பிலும் அதே எந்திரம் ஓடுகிறது.

அப்படியானால் சிறிய வெடிப்புகளை எல்லாம் கூட்டினால் கொரோனாவின் வெப்பக் கணக்கு சரியாகிவிடுமா?

வெடிப்புகளின் எண்ணிக்கை ஆற்றலைப் பொறுத்து அடுக்கு விதியில் மாறுகிறது. ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை எத்தனை மடங்கு கூடுகிறது என்பதே முழுக் கேள்வியும். பத்து மடங்குக்கு மேல் கூடினால், சிறியவற்றின் கூட்டுத்தொகை பெரியவற்றை விஞ்சும். கல்லாவில் உள்ள பணத்தில் பெரும்பகுதி சில்லறையாகவே இருக்கும் நிலை அது. பத்துக்குக் கீழே கூடினால், பணம் பெரிய நோட்டுகளில்தான் இருக்கிறது. சில்லறையை எண்ணிப் பயனில்லை. கணித மொழியில் அடுக்கின் அளவு 2ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். 1991இல் ஹியூ ஹட்சன் இந்த நிபந்தனையைத் தெளிவாக முன்வைத்தார்.

வன் எக்ஸ் கதிரில் அளந்த சாதாரண வெடிப்புகளுக்கு இந்த அடுக்கு 1.5 முதல் 1.8 வரை வருகிறது. 1.7 என்று வைத்துக்கொண்டால், ஒரு படி இறங்கும்போது எண்ணிக்கை ஐந்து மடங்கு மட்டுமே கூடி, அந்தப் படியின் மொத்த ஆற்றல் பாதியாகிறது. 2.3 என்றால் எண்ணிக்கை இருபது மடங்காகி ஆற்றல் இரட்டிப்பாகும். சோஹோ, டிரேஸ் விண்கலங்களின் புறஊதாப் படங்களில் அமைதியான பகுதிச் சிறு ஒளிர்வுகளை எண்ணியவர்கள் 1.8 முதல் 2.6 வரை வெவ்வேறு விடைகளைப் பெற்றார்கள். எதை ஒரு நிகழ்வு என்று எண்ணுவது, அதன் பரிமாணத்தை எப்படிக் கணிப்பது என்பதைப் பொறுத்தே விடை மாறியது. ஆகவே அடுக்கின் அளவைப் பற்றிய விவாதத்தைவிட, சிறிய வெடிப்பின் ஆற்றலைச் சரியாக அளப்பது முந்திய தேவை.

வேறு ஒரு கோணத்தில் பார்த்தால் தேவையின் அளவு புரியும். சதுர மீட்டருக்கு 300 வாட் வீதம் சூரியன் முழுவதற்கும் கணக்கிட்டால், 10¹⁷ ஜூல் நானோசுடர்கள் நொடிக்குச் சுமார் 18,000 வேண்டும்.

இதுவரை எண்ணப்பட்டவை போதவில்லை என்று சொல்லலாமா?

தனித்தனியே எண்ணப்பட்ட நுண்சுடர்களைப் பொறுத்தவரை, ஆம், போதவில்லை. ரெஸ்ஸி கண்ட நுண்சுடர்கள் செயல்மிகு பகுதிகளிலேயே நிகழ்ந்தன. அவற்றால் சூரியனின் முழுக் கொரோனாவைச் சூடாக்க இயலாது. சூரியப்புள்ளிகளே இல்லாத நாட்களிலும் கொரோனா பத்து லட்சம் கெல்வினில்தான் இருக்கிறது.

2019, 2020 ஆண்டுகளில் சூரியன் ஆழ்ந்த அமைதியில் இருந்தபோது, சந்திரயான்-2 கருவி செயல்மிகு பகுதிகளுக்கு வெளியே, ஏ வகைக்கும் கீழான 98 நுண்சுடர்களை 76 நாட்களில் பதிவு செய்தது. அமைதியான பகுதியிலும் எக்ஸ் கதிர் வெடிப்புகள் உண்டு என்பதற்கு இது முக்கியமான சான்று. ஆனால் எண்ணிக்கை, வேண்டிய அளவுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. 2020 மே 30 அன்று, சூரியனிலிருந்து சுமார் 8.3 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த சோலார் ஆர்பிட்டர் விண்கலம் எடுத்த புறஊதாப் படங்களில் ‘முகாம்தீ’ என்று பெயரிடப்பட்ட சிற்றொளிகள் எங்கும் தெரிந்தன. அவற்றின் நீளம் 400 முதல் 4,000 கிலோமீட்டர். ஆயுள் 10 முதல் 200 நொடிகள். வெப்பநிலை 10 லட்சம் கெல்வினுக்குச் சற்று மேல். அவை எண்ணிக்கையில் மிகுதி என்பதில் ஐயமில்லை. அவற்றில் துகள்கள் முடுக்கப்படுகின்றனவா என்பதைப் புறஊதாப் படம் மட்டும் சொல்லாது.

தனியாகப் பார்க்க முடியாத நானோசுடரை எப்படி நம்புவது?

மறைமுகச் சான்றுகளைக் கொண்டு. ஒரு வளையம் சீராகச் சூடாக்கப்பட்டால் அதன் வெப்பநிலை நிலைத்திருக்கும். விட்டுவிட்டு வெடிப்புகளால் சூடானால், ஒவ்வோர் இழையும் சிறிது நேரம் மிக அதிக வெப்பநிலைக்குச் சென்று பின் குளிரும். அந்தக் குறுகிய உச்சத்தில் அடர்த்தி குறைவு என்பதால் ஒளியும் மங்கலாகவே இருக்கும். அந்த மங்கிய, மிகச் சூடான பிளாஸ்மாவைத் தேடுவதே உத்தி. 2013இல் பறந்த யூனிஸ் ராக்கெட், வெடிப்பு ஏதும் நிகழாத செயல்மிகு பகுதியில் ஏறத்தாழ 90 லட்சம் கெல்வினில் தோன்றும் 18 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் வரியைக் கண்டது. ஃபாக்ஸி ராக்கெட்டின் 2014 பயணம் 1 கோடி கெல்வினுக்கு மேற்பட்ட பிளாஸ்மாவின் எக்ஸ் கதிரை அத்தகைய பகுதியிலிருந்து பெற்றது. 2010 முதல் இயங்கும் எஸ்டிஓ விண்கலத்தின் படங்களில், சூடான அலைவரிசைகளில் முதலிலும் குளிர்ந்தவற்றில் பின்னரும் ஒளி கூடும் கால இடைவெளி பரவலாகக் காணப்படுகிறது. குளிர்ந்துகொண்டிருக்கும் இழைகளின் அடையாளம் இது.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் சான்று ஐரிஸ் விண்கலத்தினுடையது. சூடான வளையங்களின் பாதங்களில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நீடித்த ஒளிர்வுகளை அது நிறமாலையோடு பதிவு செய்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வில், சிலிக்கான் வரிகள் நீல முனைக்கு நகர்ந்திருந்தன, அதாவது பிளாஸ்மா மேல்நோக்கி நகர்ந்தது. வெப்பக் கடத்தலால் மட்டும் பாதம் சூடானால் உருவகங்களில் இந்த வரி சிவப்பு முனைக்கே நகர்கிறது. சுமார் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் ஆழமாக இறங்கி, வரி உருவாகும் அடுக்குக்கும் கீழே ஆற்றலைக் கொட்டினால்தான் நீல நகர்வு வருகிறது. எக்ஸ் கதிர்க் கருவிகளுக்கு எட்டாத சிறு வெடிப்பில் துகள் முடுக்கம் நடப்பதை, எலக்ட்ரான்களைக் காணாமலேயே, அவை தட்டிய இடத்தைக் கொண்டு ஊகித்தது இந்த ஆய்வு.

ரேடியோ வழியும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள மர்ச்சிசன் ரேடியோ தொலைநோக்கி அணி, அமைதியான சூரியனிலிருந்தும் ஒரு நொடிக்கும் குறைவாக நீடிக்கும் மிக மெலிந்த துடிப்புகள் எங்கும் வருவதை 2020இல் காட்டியது. இவை முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றைகளின் கையொப்பமாக இருக்கலாம் என்பதால் கவனத்துக்கு உரியவை.

கொரோனாவைச் சூடாக்குவது அலைகள்தாம் என்று படித்திருக்கிறேனே?

ஹேன்ஸ் ஆல்வென் 1942இல் கோட்பாட்டளவில் கண்ட காந்த அலைகள் கொரோனாவில் நிறைந்திருப்பது உறுதி. புலக்கோடுகள் திறந்திருக்கும் கொரோனா துளைகளில் பின்னல் நிலைப்பது கடினம் என்பதால், அங்கே அலைகளே பொருத்தமான விளக்கம். மூடிய வளையங்கள் செறிந்த செயல்மிகு பகுதிகளில் நானோசுடர்களுக்கு வாய்ப்பு அதிகம். அலைகள் கொந்தளிப்பாக மாறி மெல்லிய மின்னோட்டத் தகடுகளை உருவாக்கலாம், மறு இணைப்பு புதிய அலைகளை எழுப்பலாம். எனவே இவ்விரண்டையும் எதிரிகளாக நிறுத்துவது இப்போது பழைய பாணியாகிவிட்டது.

எலக்ட்ரான்கள் மட்டும்தான் முடுக்கப்படுகின்றனவா? அயனிகள்?

பெரிய வெடிப்புகளில் புரோட்டான்களும் மற்ற அயனிகளும் முடுக்கப்படுவதைக் காமா கதிர் வரிகள் காட்டுகின்றன. நியூட்ரானை ஹைட்ரஜன் பிடிக்கும்போது வரும் 2.223 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரி அவற்றுள் புகழ்பெற்றது. நுண்சுடர்களில் அத்தகைய வரிகள் இன்றைய கருவிகளின் எல்லைக்குக் கீழே இருக்கின்றன. அயனிகள் பெறும் ஆற்றல் எலக்ட்ரான்களுக்கு இணையாக இருந்தால், சிறிய வெடிப்புகளின் ஆற்றல் கணக்கில் பெரிய ஒரு வரவு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

பார்க்கர் விண்கலம் கொரோனாவுக்குள்ளேயே சென்றதே, விடை கிடைக்கவில்லையா?

2018இல் ஏவப்பட்ட அந்தக் கலம் 2021 ஏப்ரலில் முதன்முறையாகக் கொரோனாவின் வெளி எல்லைக்குள் நுழைந்தது. 2024 டிசம்பர் 24 அன்று மேற்பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. ஆனால் நாம் பேசும் வளையங்களின் உயரம் சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவிலானது. அந்த இடத்துக்கு எந்தக் கலமும் போக முடியாது. கலம் சூரியக் காற்றின் பிறப்பையும் அதில் உள்ள அலைகளையும் நேரடியாக அளக்கிறது. கீழே நடக்கும் வெடிப்புகளைத் தொலைவிலிருந்துதான் அறிய வேண்டும்.

சிறிய வெடிப்புகளால் பூமிக்குப் பாதிப்பு உண்டா?

இல்லை. ஏ, பி வகை வெடிப்புகளின் எக்ஸ் கதிர் பூமியின் அயனி மண்டலத்தில் தொலைத்தொடர்பைக் குலைக்கும் அளவுக்கு மாற்றம் எதையும் உண்டாக்குவதில்லை.

இனி எந்த அளவீடு முடிவைத் தரும்?

எக்ஸ் கதிரைக் குவித்துப் படமாக்கும், சூரியனுக்கென்றே வடிவமைத்த தொலைநோக்கி நீண்ட காலம் விண்வெளியில் இயங்க வேண்டும். ரெஸ்ஸி எக்ஸ் கதிரைக் குவிக்கவில்லை. கதிர்த் தடுப்புச் சட்டங்களின் நிழலிலிருந்து கணக்கிட்டுப் படத்தை மீட்டது. அதனால் பின்னணி இரைச்சல் அதிகமாகி மங்கிய வெடிப்புகள் அதில் மூழ்கின. நூஸ்டார் குவிக்கிறது, ஆனால் மங்கிய வான்பொருள்களுக்காகச் செய்யப்பட்டதால் சூரியனின் ஒளிமிகுதியில் அதன் உணர்விகள் திணறுகின்றன. ஃபாக்ஸி ராக்கெட்டுகள் சரியான கருவியைக் கொண்டிருந்தும் ஒவ்வொரு பயணத்திலும் சில நிமிடங்களே சூரியனைப் பார்க்கின்றன. 2024 ஏப்ரலில் பறந்த நான்காவது பயணம் ஒரு வெடிப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அதை நோக்குவதற்காக ஏவப்பட்டது. சோலார் ஆர்பிட்டரில் உள்ள ஸ்டிக்ஸ் கருவி 4 முதல் 150 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலும், ஆதித்யா-எல்1 கலத்தில் உள்ள சோலெக்ஸ், ஹீலியோஸ் ஆகிய இரு கருவிகளும் மென், வன் எக்ஸ் கதிர்களிலும் தொடர்ந்து அளந்து வருகின்றன. ஒரே நுண்சுடரை இரண்டு திசைகளிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்திருக்கிறது: பாதங்கள் சூரிய விளிம்புக்குப் பின்னால் மறையும் கோணத்தில் ஒரு கலமும், அவற்றை முழுமையாகக் காணும் கோணத்தில் மற்றொன்றும் இருந்தால், கொரோனாவிலேயே எலக்ட்ரான்கள் இழந்த ஆற்றலையும் கீழே கொண்டுவந்து சேர்த்த ஆற்றலையும் பிரித்துக் கணக்கிட முடியும்.